பின்னால் இடமில்லாத வண்டி

— கதவு ரெண்டேதானா? நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. அந்தப் பக்கம் ஒண்ணு ஒளிச்சுக் கிளிச்சு வச்சிருக்கப் போறே.

— ரெண்டேதானுங்க பாய். இந்த மாதிரி வண்டிய கூபேம்பாங்க. அமெரிக்காவுல இதுதானுங்க கெத்து.

— நீ சொன்னா நான் நம்பிருவேனா? ஏ சைனபு, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வா.

— யா நாயனே! காருக்குக் கதவு எத்தனன்னு எண்ணுததுக்கா ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பூனாவுல அந்தக் கோடி கட்கிலேருந்து ரெண்டு பஸ்சு மாறி இந்தப் பாணேருக்குக் கூட்டியாந்திய? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. டிக்கியச் சேத்தா மூணு. போதுமா?

— டிக்கியில ஆளு ஏறாதுல்லா. அத விடு.

— ஏனுங்க பாய், அது என்னங்க கைக்குட்டைக்குள்ள?

— காந்தம். தகரம்னா ஒட்டும். எங்கயாவது இடிச்சு, பட்டி வச்சுத் தேச்சு, மேல பெயிண்டு அடிச்சிருந்தா ஒட்டாது. உன் கதவுல ஒட்டுது. கூரையில ஒட்டுது. டிக்கிப் பக்கம் ஒட்டுது. முன்னால பானட்டுல... ஆகா! மாட்டிக்கிட்டியா? ஒட்டலையே!

— பாய், அது அலுமினியமுங்க.

— இம்புட்டுப் பெரிய பானட்டா? எந்த லாரிக்காரன் மேல கொண்டுபோய் விட்டே? முச்சூடும் பட்டி வச்சிருக்கான் பாரு.

— கம்பெனிலயே அப்பிடித்தானுங்க பண்றாங்க. எடை கொறையோணுமுன்னு.

— நம்ப மாட்டேன்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் தட்டிப் பாக்கேன். ம்... அலுமினியந்தான்.

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— இருவது கிலோ பிரியாணி ஆக்குத அலுமினியத் தேக்சா நம்ம வீட்டுல முப்பது வருசமாக் கெடக்கு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? விடுங்க அந்தத் தம்பிய.

— ரொம்ப நன்றிங்கம்மா.

— நன்றி இருக்கட்டும். உன் பேரு என்ன சொன்னே, ஹரீஷா? கோயம்புத்தூரு. கம்ப்யூட்டர் வேலை. சரி. இம்புட்டு நல்ல வண்டிய ஏன் விக்கே?

— வெளிநாடு போறனுங்க பாய். கம்பெனில அனுப்பறாங்க.

— எந்த நாடு?

— அது... ஜெர்மனிங்க.

— யோசிச்சுல்லா சொல்லுதான்! பாத்தியா சைனபு? தான் போற ஊரு பேரு ஒருத்தனுக்கு யோசிச்சா வரும்?

— உங்களுக்கு யாரு சொன்னாலும் பொய்யிதான். பால்காரன் நல்லாருக்கியளான்னு கேட்டாக்கூட, எதுக்குக் கேக்கான்னு ரெண்டு நாளு யோசிப்பிய.

— யோசிச்சதாலதான் அவன் தண்ணி ஊத்துதது தெரிஞ்சுது. அது கெடக்கட்டும். தம்பி, பின்னால ரெண்டு சீட்டு தெரியுதே, அது எதுக்கு?

— அதுதானுங்க பாய் இந்த வண்டில விசேசமே! பாக்கத்தான் ரெண்டு பேரு வண்டி. நாலு பேரு போலாமுங்க. பெரியவங்க ரெண்டு பேரு பின்னாடி தாராளமா உக்காந்துக்கலாம்.

— தாராளமாவா?

— தாராளமாங்க! காலு நீட்டியே உக்காரலாம்.

— அப்ப நக்கோ, வேண்டாம். சைனபு, கெளம்பு. பஸ்சு வந்துரும்.

— பாய்! பாய்! என்னங்க ஆச்சு? நான் என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்?

— ஏங்க, எடம் இருந்தா நல்லதுதான? நானே அந்தக் கவலையிலதான் இருந்தேன். நம்ம இஜாஸு, அவன் பொண்டாட்டி, மடியில அந்தச் சின்னப் புள்ளய வச்சுக்கிட்டா...

— ஆரம்பிச்சுட்டா! வண்டிய இன்னும் வாங்கல. அதுக்குள்ள என் தம்பி குடும்பத்த ஏத்திட்டா.

— ஒரு நிமிசமுங்க. போன் வருது. என்ற சம்சாரம் ஸ்ரீவித்யாதான். ஆமா... கீழதான் இருக்காங்க... சரி, சொல்றேன். அம்மா, உங்கள மேல வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போகச் சொல்றா. மூணாவது மாடிங்க. லிப்டு இருக்குது. ரெட்டக் கொழந்தைங்க இருக்குது, பாத்துட்டு வாங்க.

— ரெட்டையா? மாஷா அல்லாஹ்! எத்தன மாசம்?

— அஞ்சுங்கம்மா.

— இந்தா வாரேன். ஏங்க, நான் வாரது வரைக்கும் அந்தத் தம்பிய வையாம நில்லுங்க.

— போ, போ. மெதுவாக் குடிச்சுட்டு வா... போயிட்டாளா? லிப்டு கதவு மூடிருச்சா? இப்ப சொல்லு தம்பி. நான் கட்கி பஜார்ல நாப்பத்திரெண்டு வருசம் சீட்டு தச்சவன். ரிக்சா சீட்டு, ஜீப்பு சீட்டு, பட்டாளத்து லாரி சீட்டு. போன மாசந்தான் கடைய ஒரு பில்டர்காரனுக்கு நல்ல வெலைக்குக் குடுத்தேன். கையெழுத்தத் தவிர எழுதப் படிக்க வராது, ஆனா சீட்டப் பாத்தா அதுல உக்காந்தவன் சாதகத்தையே சொல்லுவேன். உன் பின்சீட்டு ஸ்பாஞ்ச மொழங்கைய வச்சு அமுக்கிப் பாத்தேன். கம்பெனிலேருந்து வந்தப்ப இருந்த மொறப்பு அப்பிடியே இருக்கு. நீ சொன்ன இந்த ஆறு வருசத்துல அதுல ஒருத்தனும் உக்காரல. ஒண்ணு, உனக்குச் சொந்தக்காரன் கூட்டாளின்னு யாரும் கெடையாது. இல்லேன்னா அதுல உக்காரவே முடியாது. ரெண்டுல எது?

— பாய்... உண்மையச் சொன்னா நீங்க வாங்க மாட்டீங்க.

— உண்மையச் சொன்னாதான்வே வாங்குவேன்.

— ஜெர்மனி எல்லாம் இல்லீங்க. கொழந்தைங்கதான். பின்னாடி கொழந்த சீட்டு ஒண்ணு மாட்டுனா இன்னொண்ணு மாட்ட முடியல. அதுவுங்கூடப் பரவால்லீங்க. போன தீவாளிக்கு என்ற மாமியாரு வந்திருந்தாங்க. பின்னாடி ஏறியே தீருவேன்னாங்க.

— ஏறுனாங்களா?

— ஏறிட்டாங்க. எறங்க முடியல.

— நெசமாவா?

— பம்பாய் போற வழில லோனாவ்ளாவுல நிறுத்தி, ஒரு கைய நான் புடிச்சு, இன்னொரு கைய வடாபாவ் கடைக்காரரு புடிச்சு இழுத்தமுங்க. தல கூரையில இடிச்சு, முட்டி தாடையில இடிச்சு... அன்னிக்கு என்னோட பேச்ச நிறுத்துனவங்க, இன்னைக்கு வரைக்கும் போன்ல ஸ்ரீவித்யா கூடத்தான் பேசறாங்க.

— இத மொதல்லயே சொல்லப்படாதா தம்பி? அந்தத் தல இடிச்சத இன்னொரு தடவ சொல்லு. எப்படி இடிச்சுது?

— பாய், நான் வருத்தத்துல சொல்றேன், நீங்க சிரிக்கறீங்க! ஏனுங்க, பின்னாடி எடம் இருந்தா எல்லாரும் சந்தோசப்படுவாங்க. நீங்க என்னடான்னா...

— அவ காதுல போடக்கூடாது, கேட்டியா? நான் கல்யாணம் முடிச்சு அவளப் பூனாவுக்குக் கூட்டியாந்து நாப்பத்தொரு வருசம். மொத வாரத்துல ஒரே ஒரு தடவ, இங்க ஆகுர்டி பேக்டரில செஞ்ச ஸ்கூட்டர் ஒண்ண எரவல் வாங்கி, கடக்வாஸ்லா அணைக்கட்டுக்கு அவளக் கூட்டிட்டுப் போனேன். அவளும் நானும் மட்டும். சோளக்கருது வாங்கி ஆளுக்குப் பாதி தின்னோம். அன்னைக்குச் சரி. அதுக்குப் பொறவு இன்னைக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு வண்டியில போனது கெடையாது.

— அதெப்படிங்க? நாப்பத்தொரு வருசத்துலயா?

— ஸ்கூட்டர் வாங்குனேன். அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு புள்ள, முன்னால நிக்க ஒரு புள்ள. பொறவு ஆம்னி வாங்குனேன். வாங்குன அன்னைக்கே பதிமூணு பேரு. கடக்வாஸ்லாவுக்குன்னு கெளம்புவேன். தெரு முக்கு திரும்பலை, இஜாஸு குடும்பத்தோட நிப்பான், நாங்களும் வாரோம்னு. அவன ஏத்துனா, அந்தால ஆரோக்கியசாமி தகரப் பொட்டியோட நிப்பான். எங்க பக்கத்து வீடு, வெடிமருந்து பேக்டரில வேல பாத்தவன். ரயிலுக்கு நேரமாச்சு, ஸ்டேஷன்ல விட்டுருங்க பாய்ம்பான். கடக்வாஸ்லா எந்தத் திக்கு, ஸ்டேஷன் எந்தத் திக்கு!

— முடியாதுன்னு சொல்லலாமுல்லங்க?

— எடம் இருக்கும்போது எந்த வாயால இல்லேன்னு சொல்ல? வண்டியில எடத்த வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கவன விட்டுட்டுப் போனா, அவன் மொகத்துல நாளைக்கு முழிக்க முடியுமா? எடமே இல்லேன்னாதான் இல்லேன்னு சொல்லலாம். அதான் தேடிட்டு இருக்கேன். எம்மவ ஷஃபானாதான் போன்ல படத்தக் காமிச்சா, ரெண்டு கதவு, குதிர படம் போட்ட வண்டி ஒண்ணு விலைக்கு இருக்கு வாப்பான்னு.

— பைக்கு வாங்கலாமேங்க?

— அவ முட்டிக்கு பைக்குல ஏற முடியாது. அதோட, பைக்குல நாலு பேரு போறத நீ பூனாவுல பாத்ததே இல்லையா?

— அதுவுஞ் சரித்தானுங்க. அப்பறம் என்னங்க பாய், இந்த வண்டி உங்களுக்காகவே செஞ்சது. பின்னாடி ஒரு பூனைகூட உக்காராது!

— நம்ப மாட்டேன்.

— இப்பத்தானுங்க உண்மையச் சொன்னேன்!

— அப்பவும் நீதான் சொன்னே, இப்பவும் நீதான் சொல்லுதே. ஏறு.

— எங்கீங்க?

— பின்னால. ஏறி உக்காரு. நான் கண்ணால பாக்கணும்.

— பாய், நான் ஆறடி...

— இஜாஸும் ஆறடிதான். ஏறு. ஆங்... அந்தக் கால மடக்கு. தலையக் குனி. இன்னும் குனி. முன்சீட்டப் பின்னால தள்ளுதேன். எப்படி இருக்கு?

— முட்டி... முட்டி நெஞ்சுல குத்துதுங்க.

— மூச்சு வருதா?

— பாதி வருதுங்க.

— எம்புட்டு நேரம் தாங்குவே? கட்கிலேருந்து ஸ்டேஷன் வரைக்கும் தாங்குவியா?

— பாணேர் சிக்னல் வரைக்குங்கூடத் தாங்க மாட்டேனுங்க!

— நல்ல வண்டிவே! நல்ல வண்டி! இப்பத்தான் எனக்கு நம்பிக்கை வருது.

— ஏங்க, ரெண்டு புள்ளயும் ரெண்டு ரோசாப்பூ மாதிரி... ஐயோ, காருக்குள்ள யாரு அது மொனகுதது? அந்தத் தம்பியா? என்ன பண்ணிய அதப் புடிச்சு?

— நான் ஒண்ணும் பண்ணல. தம்பி எடம் எப்படின்னு காமிச்சுது. ஏறு சைனபு, முன்னால உக்காரு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம்.

— பாய், நான் எறங்கிக்கறேன்...

— நீ இருவே. எறங்க நேரமாவும். சாவி எங்க போடணும்?

— சாவி இல்லீங்க, பட்டன அமுக்கோணும். பிரேக்க மிதிச்சுட்டு...

— யா நாயனே! என்ன சத்தம் இது! கீழ என்னமோ இடிஞ்சு விழுந்துருச்சு!

— இஞ்சின் சத்தமுங்கம்மா. எட்டு சிலிண்டர்.

— கிளச்சு எங்கவே?

— கிளச்சே கெடையாதுங்க. ஆட்டோமேட்டிக். லேசா மிதிங்க... அவ்வளவுதான். பரவால்லீங்க பாய், நான் பயந்தே போயிட்டேன். வேகத்தடையில எல்லாம் பூப்போல எறக்கறீங்க. முப்பதுக்கு மேல போகவே இல்ல.

— பின்னால ஆளு இருக்குல்லா. அடுத்தவன் வீட்டு உசுரு. என்னய நம்பி ஏறுதவனுக்கு நாந்தான பதில் சொல்லணும்.

— இது எவ்வளவு வேகம் போவும் தம்பி?

— அம்மா, நல்ல ரோடா இருந்தா எரநூத்தம்பது வரைக்கும்...

— எரநூத்தம்பதா?

— ஏன் சைனபு, மொகம் வெளுத்துப் போச்சு? ஏசி சாஸ்தியா இருக்கா?

— ஒண்ணுமில்ல. ஏங்க, இந்த வண்டி வேண்டாம். பாருங்க, தரையோட தரையாக் கெடக்கு. என் முட்டிக்கு ஒத்துக்காது.

— ஏறும்போது முட்டி ஒண்ணும் சொல்லலையே?

— இப்ப சொல்லுது. பெட்ரோலு குடிக்கும். இந்தக் காசுக்கு நம்ம ஊரு கடையநல்லூர்ல ஒரு வீடே கட்டிரலாம்.

— வீட்டக் கட்டி? அதுல குடியிருக்கவும் இஜாஸுதான் வருவான். தம்பி, முடிஞ்சுது. வண்டி எனக்கு. எம்மவ ஷஃபானாகிட்ட சொல்லுதேன், இப்பவே உன் பேங்குல பணத்தப் போட்டுருவா. காயிதத்துல எங்க கைநாட்டு... சீ, எங்க கையெழுத்துன்னு காமி. மொதல்ல நீ எறங்கு. ஏ சைனபு, அந்தத் தம்பிக்கு ஒரு கை குடு.

— மெதுவாங்க... காலு மரத்துப்போச்சு... ஆங். வந்துட்டேன். பணமும் வந்துருச்சுங்க. பாய், கையெழுத்து இந்த ரெண்டு தாள்லயும் போடுங்க. நானும் போட்டுட்டேன். பேரு மாத்தறதுக்கு ஆர்டிஓ ஆபீசுக்கு நானே வாறனுங்க. ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வண்டியப் பாக்க நெறையப் பேரு வந்தாங்க. உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல. வாழ்த்துகள்ங்க.

— தம்பி ஹரீஷு, நீயும் கட்கி வரைக்கும் வாயேன். பிரியாணி போடுதேன்.

— சைனபு! இப்பத்தான அவன இழுத்து வெளிய போட்டோம்?

— புது வண்டில்லா. ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருந்தா நல்லதுன்னு பாத்தேன். வேண்டாமா? அந்த ஸ்ரீவித்யாப் பொண்ணயாவது...

— அம்மா, அவ வந்தா கொழந்தைங்க அழுவுமுங்க.

— சரி. அந்த வாச்மேன் கட்கிப் பக்கந்தான் வீடுன்னு சொன்னாரு. ட்யூட்டி முடிஞ்சு நிக்காரு பாவம். ஏ பையா! கட்கி ஆனா ஹை க்யா? கூட வாரியளா?

— வாய மூடு! வேண்டாம் பையா, ஜாவ் ஜாவ்! வாரோம் தம்பி. புள்ளைங்களப் பாத்துக்கோ. மாமியாருகிட்ட என் சலாத்தச் சொல்லு, அவங்க தல இடிச்சதாலதான் எனக்கு இந்த வண்டி கெடைச்சுது. சைனபு, கதவச் சாத்து. பெல்ட்டப் போடு.

— போட்டுட்டேன். மெதுவாப் போங்க.

— எதுக்கு மெதுவா? பின்னால திரும்பிப் பாரு.

— என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல! அதான் பாக்கச் சொல்லுதேன். இஜாஸு இல்ல. அவன் பொண்டாட்டி இல்ல. அவன் சின்னப் புள்ள இல்ல. ஆரோக்கியசாமி இல்ல, அவன் தகரப் பொட்டி இல்ல. இப்ப எவன் வந்து ரோட்டுல நின்னாலும், எடம் இல்லப்பான்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்.

— அதுக்காகவா இந்த வண்டி?

— வேற எதுக்கு? கட்கிக்குப் போவல. இப்படியே கடக்வாஸ்லா. உன்னோட மறுபடி தனியாப் போவணும்னு நாப்பத்தொரு வருசமா நெனைக்கேன், ஒரு தடவகூட முடியல. வாய்விட்டுச் சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல. அந்த மொத தடவ ஸ்கூட்டர்ல போனோமே, ஞாவகம் இருக்கா? போற வழி முச்சூடும் ரெண்டு கையாலயும் என் இடுப்ப எப்படி இறுக்கிப் புடிச்சே! அந்தப் புடிய நான் இன்னும் மறக்கல, கேட்டியா?

— ஏங்க.

— ம்.

— முள்ளு எம்பது காட்டுது. காலக் கொஞ்சம் எடுங்க.

— எட்டு சிலிண்டருல்லா! ஏன், பயமா இருக்கா? இன்னும் பாரு...

— வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க. சத்தியமாச் சொல்லுதேன், நிப்பாட்டுங்க.

— இந்தா, நிப்பாட்டிட்டேன். என்ன புள்ள, அழுவுதியா?

— அழல, சிரிக்கேன். உங்க மொகத்தப் பாத்தா சொல்ல மனசு வரல. ஆனா இதுல இனிமே யாரையும் ஏத்த முடியாதுங்கதால சொல்லித்தான் ஆவணும்.

— எதுன்னாலும் சொல்லு. நமக்குள்ள என்ன.

— அன்னைக்கு நான் இறுக்கிப் புடிச்சது பயத்துலங்க. பின்னால ஆளு இருந்தாத்தான் நீங்க மெதுவா ஓட்டுவியன்னு தெரிஞ்சப்பொறவு, இந்த நாப்பத்தொரு வருசமும் இஜாஸத் தெரு முக்குல நிக்க வச்சது நாந்தான், ஒரு நாளும் ரயிலே இல்லாத ஆரோக்கியசாமி அண்ணனக் காலிப் பொட்டியோட வரச் சொன்னதும் நாந்தான்.